ஆர்டெலியா நின்றாளா?

மட்டாஞ்சேரி படகுத் துறையில் அன்று காலை இரண்டு படகுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நகல் கடையில் பெரிதாக்கி அச்செடுத்த ஒரு தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கிடங்குத் தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கியிருக்க வேண்டும். ஈரக் காற்றில் சுக்கு வாசனை வந்தது.

"சேச்சி, இதிலும் கேறுன்னில்லே?" என்றாள் துறையில் நிற்கும் பெண். இதிலும் ஏறவில்லையா என்று கேட்கிறாள். அடுத்ததில் என்று கையைக் காட்டினேன்.

திருப்பூணித்துறைக்குப் போக வேண்டும். அதுவரை நேரில் பார்த்திராத ஒருவருடன் சண்டை போடுவதற்காக. சண்டை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி. அட்லாண்டிக் கடலில் ஓடிய ஒரு கப்பலில், நூறு வருஷத்துக்கும் முன்னால், யாரோ ஒரு அதிகாரி அவசரமாக எழுதிய சொல்.

மிளகுக் கம்பெனியில் நான் வேலை விட்ட நாளைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். "அதற்குப் பிறகு நாள் முழுக்க என்ன செய்தீர்கள்?" என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இதைத்தான் செய்தேன்.

பிறர் கையெழுத்து

வேலை விட்ட முதல் வருஷம் வீட்டில் இருந்த ஒரே குரல் ஃப்ரிட்ஜினுடையது. அது உறுமி ஓயும்போது வீடு இன்னும் பெரிதாகிவிடும். "சாயா போடணும்" என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். யாருடைய குரலோ மாதிரி இருக்கும்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகள் நித்யா ஒரு விடுமுறைக்கு வந்தாள். தன் பழைய லேப்டாப்பை என் மேஜையில் வைத்தாள்.

"அத்தை, ஆபீஸ்ல எல்லாருடைய கிறுக்கலையும் நீங்கதானே வாசிச்சுக் குடுப்பீங்க? இது உங்களுக்குன்னே செஞ்ச வேலை."

கப்பலில் மணிக்கு மணி எழுதும் பதிவேட்டை லாக் என்பார்கள். காற்று எந்தத் திசை, அலை எவ்வளவு, எவ்வளவு கரி எரிந்தது, எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காலத்து வானிலையைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலர் பழைய லாக் புத்தகங்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து கம்ப்யூட்டருக்குப் புரிவதில்லை. மனுஷக் கண் வேண்டும். பார்ப்பதை அப்படியே தட்டெழுத வேண்டியதுதான்.

ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பக்கம் முடிந்தது. மாறினால் இருவரும் செய்தி அனுப்பிப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நிறையக் கப்பல்கள் இருந்தன. சீனாவுக்குப் போனவை, பம்பாய்க்கு வந்தவை. நான் அட்லாண்டிக்கில் ஓடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்று நித்யா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள்

பெயர் ஆர்டெலியா. ஸ்காட்லாந்தில் ஓர் ஆற்றங்கரையில் கட்டிய இரும்புக் கப்பல். ஒரு புகைபோக்கி, மூன்று பாய்மரங்கள். எஞ்சினை அந்தக் காலத்தில் முழுசாக நம்ப மாட்டார்கள் போல. நீராவியும் வேண்டும், பாயும் வேண்டும்.

ஆங்கிலத்தில் கப்பலை அவள் என்றுதான் எழுதுவார்கள். மிளகுக் கம்பெனிக் கடிதங்களிலும் அப்படித்தான். முப்பது வருஷம் கையில் ஊறிய பழக்கம், எனக்கும் அவள் அவளாகவே இருந்தாள்.

லிவர்பூலில் புறப்படுவாள். அயர்லாந்தில் ஒரு துறைமுகத்தில் நின்று ஆட்களை ஏற்றுவாள். பிறகு நியூயார்க் வரை தண்ணீர்தான். மேல்தளத்தில் பியானோவும் வெல்வெட் நாற்காலிகளும் இருந்ததாக வலைப்பக்கத்துக் குறிப்பில் படித்தேன். கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், சொந்தத் தகரத் தட்டும் சொந்தப் படுக்கையுமாக. திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் ஊரை விட்டவர்கள்.

லாக்கில் அவர்கள் யாரும் இல்லை. காற்று மேற்கு, மழைத்தூறல், பாய்கள் சுருட்டப்பட்டன. அவ்வளவுதான். எப்போதாவது ஒரு வரி: கீழ்த்தளத்தில் பெண் குழந்தை பிறந்தது. மறு வரியிலேயே மறுபடி காற்று.

முதல் கேப்டனின் கையெழுத்து கோலம் மாதிரி. குளிர்காலப் பக்கங்களில் மட்டும் அது நடுங்கும். கயிறுகளில் பனி உறைந்து, ஆட்கள் அதைத் தடியால் அடித்து உதிர்த்தார்கள் என்று எழுதுவார். எனக்கு இங்கே முதுகில் வேர்வை வழியும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தட்டெழுதுவேன். ஏனென்று கேட்காதீர்கள்.

ஒரு குளிர்காலத்தில் நடுக்கடலில் அவளைத் தள்ளும் சுழலியின் தண்டு முறிந்தது. எஞ்சின் ஓடியும் பயனில்லை. பாயை விரித்துக்கொண்டு, காற்று விட்ட வழியில், வாரக்கணக்காக ஊர்ந்தாள். ரொட்டியை அளந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு நாள் எழுதியிருந்தது. அடுத்த வருஷங்களின் லாக் புத்தகங்களும் வரிசையில் காத்திருக்கின்றன, ஆகவே அவள் மூழ்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

கரையில் இருந்தவர்கள் அவள் போய்விட்டாள் என்றே முடிவு செய்துவிட்டார்களாம். சில வீடுகளில் துக்கம்கூடக் காத்து முடித்திருப்பார்கள். ஒரு மதியம் அவள் துறைமுகத்துக்குள் வந்தாள். கேப்டன் எழுதியது இரண்டே சொற்கள்: நங்கூரமிட்டோம். வெயில்.

அந்தப் பக்கத்தைத் தட்டெழுதிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது குழாய் எதற்கு?

பிறகு பெரிய கப்பல்கள் வந்துவிட்டன. எஃகுக் கப்பல்கள், இரட்டைச் சுழலிக் கப்பல்கள். ஆர்டெலியாவை நியூயார்க் வழியிலிருந்து எடுத்து பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். பியானோ இருந்த கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து அங்கும் படுக்கைகள் போட்டார்கள். போகும்போது மனுஷர்கள், வரும்போது மாடுகள். அமெரிக்க மாடுகளை உயிரோடு ஏற்றி லிவர்பூலில் இறக்குவார்கள். லாக்கில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: மாடுகள் நலம்.

செவன் டைம்ஸ்

என் பக்கங்களுக்கு இரண்டாவது ஆளாகப் பெரும்பாலும் ஒருவரே வந்தார். 'செவன் டைம்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் வாய்ப்பாடு. யாரோ ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் என்று நினைத்தேன். எண்களில் ஒரு தப்பு விட மாட்டார். நான் மூன்று என்று எழுதியதை எட்டு என்று நிரூபிக்க ஒரு பக்கத்துக்குச் செய்தி அனுப்புவார். இங்கிலீஷ் விறைப்பாக இருக்கும்.

ஒரு நாள் நான் ஒரே பக்கத்தில் நாலு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். செய்தி வந்தது: "அய்யோ."

நான் திரும்ப எழுதினேன்: "எந்த ஊர்?"

திருப்பூணித்துறை. சுபத்ரா. ஹைஸ்கூல் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். ஒரு வருஷத்துக்கு மேலாக, காயலுக்கு இந்தக் கரையில் ஒருத்தியும் அந்தக் கரையில் ஒருத்தியுமாக, அட்லாண்டிக்கைப் பற்றி இங்கிலீஷில் சண்டை போட்டிருக்கிறோம்.

அதன்பிறகு போனில் பேசினோம். அதுவும் கப்பலைப் பற்றி மட்டும். பேச்சு நடுவில், "வச்சுடறேன், இவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும்" என்பார். இவர் யார், என்ன உடம்பு என்று நான் கேட்டதில்லை. அவரும் என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

அந்தப் பக்கம்

மாடு ஏற்றிய வருஷங்களில் ஒரு பக்கம். பாஸ்டனிலிருந்து திரும்பும் வழி. துணை அதிகாரியின் கையெழுத்து, மேலே தண்ணீர்க் கறை.

பிற்பகல் மூன்று மணி. கரி அள்ளிப் போடும் ஆள் ஒருவன், பெயர் தெரியவில்லை, கப்பலை விட்டுக் கடலில் விழுந்தான். எஞ்சின் கால் மணி நேரம்... அங்கே அந்தச் சொல். முதல் எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும் தெரிகின்றன, நடுவில் கறை. அலை அதிகம், படகு இறக்க முடியவில்லை. பயணம் தொடர்ந்தது.

அடுத்த வரி: மாடுகள் நலம்.

நான் 'ஸ்டாப்ட்' என்று எழுதினேன். எஞ்சின் நிறுத்தப்பட்டது. டீச்சர் 'ஸ்லோட்' என்று எழுதியிருந்தார். எஞ்சின் வேகம் குறைக்கப்பட்டது.

எத்தனையோ சொற்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். இதற்கு மாட்டேன் என்றேன். மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் டீச்சர், "இத போன்ல சொல்ல முடியாது. எனக்கு வீட்டை விட்டு வர முடியாது. நீங்கோ வாங்கோ, நோட்டுல காட்டறேன்" என்றார்.

அப்படித்தான் நான் படகுத் துறையில் உட்கார்ந்திருந்தேன். படகை விட்டுக்கொண்டே இருந்ததற்குக் காரணம் பயம். அவர் நோட்டில் என்ன இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும்.

சிவராமன்

இந்தத் தொடரில் இதுவரை என் கணவரின் பெயரை நான் எழுதவில்லை. கவனித்தவர்கள் கேட்டிருந்தார்கள்.

சிவராமன் சித்தூர்க்காரர். சரக்குக் கப்பலில் மூன்றாம் எஞ்சினியர். கல்யாணமாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை. அதில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் வரும். மற்றதெல்லாம் வெளிநாட்டுத் தபால்தலை.

ராட்டர்டாமிலிருந்து கனடாவுக்குப் போகும் வழியில் அவர் கப்பலில் இல்லை. அப்படித்தான் கடிதத்தில் இருந்தது. ஏஜென்ட் ஆபீஸ் ஆள் நான் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வரி. கடலில் காணாமல் போனார். தேடினோம். வருந்துகிறோம்.

உடம்பு கிடைக்காதவரைச் சட்டம் ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்தவராக ஒப்புக்கொள்ளும். அந்த ஏழு வருஷமும் கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டுவதா தாண்டிப் போவதா என்று தெரியாமல் கைகள் தடுமாறும். அந்தக் கைகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று கல்யாணங்களுக்குப் போவதை விட்டேன்.

அவரே குதித்துவிட்டார் என்று அவர் வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு. பிரேசிலில் இன்னொரு குடும்பம் என்று வேறொரு பேச்சு. இரண்டாவதை நான் நம்ப ஆசைப்பட்டேன். ஏனென்றால் முதலாவதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

அவருக்குக் கரையில் ஒரு வேலை வந்திருந்தது. அவர் இன்னும் ஒரே ஒரு கப்பல் என்றார். நான் ராட்டர்டாம் விலாசத்துக்கு எழுதினேன்: "இந்தத் தடவையும் சாக்குச் சொல்வதானால் நீங்கள் வரவே வேண்டாம்." கோபத்தில் எழுதி, கோபம் ஆறுவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? தபால் போய்ச் சேரும் நாட்களையும் கப்பல் புறப்பட்ட நாளையும் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை சேர்ந்திருக்கும் என்று வரும். ஒரு தடவை சேர்ந்திருக்காது என்று வரும். இதை என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

திருப்பூணித்துறை

படகிலிருந்து இறங்கி மெட்ரோ ரயில் பிடித்துப் போனேன். குளத்தை ஒட்டிய வீடு. முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் ஒருவர் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். டீச்சர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். வெள்ளை முடியை இறுகக் கட்டியிருந்தார்.

"வாங்கோ. முதல்ல இந்தத் தலகாணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் கணவரைப் பக்கவாட்டில் திருப்பினார். "வக்கீலாக்கும். பேசிப் பேசியே ஜீவிச்சவர். இப்போ மூணு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கால் திருப்பணும். நடுவுல கிடைக்கற நேரத்துல நான் கப்பல் ஓட்டறேன்."

கட்டிலின் கால்மாட்டிலேயே மேஜை, லேப்டாப், ஒரு கட்டம் போட்ட நோட்டு.

அவர் காட்டினார். எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். முந்தின நாட்களின் எண்களை வரிசையாக எடுத்து எழுதி, அன்றைய எண்ணைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"கால் மணிக்கூர் முழுசா நின்னிருந்தா இவ்வளவு கொறயணும். கொறஞ்சது இதுல பாதிதான். சரியா பாதி. அப்போ என்ன அர்த்தம்? பாதி வேகத்துல ஓடிண்டுதான் இருந்தது. நிக்கல்லை."

"அவங்க எண்ணைத் தப்பா எழுதியிருக்கலாம் டீச்சர்."

"மத்த நாளெல்லாம் சரியா எழுதினவன் இன்னிக்கு மட்டும் எதுக்குத் தப்பா எழுதறான்?"

"ஒரு மனுஷன் தண்ணியில விழுந்திருக்கான். அவனுக்காக ஒரு கப்பல் நிக்கக் கூடாதா?" என் குரல் உயர்ந்துவிட்டது. கட்டிலில் இருந்தவரின் கண்கள் அசைந்தன.

"நிக்கணும்" என்றார் டீச்சர். "நிக்கல்லையே. நாம நின்னதுன்னு எழுதினா நின்னுடுமா?"

எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்துபோய்ச் சாயா கொண்டுவந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவராமன், மூன்று வரி, ராட்டர்டாம் விலாசம். மறு தடவை தலையணை மாற்றும் நேரம் வரும்வரை சொன்னேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "அவர் இருந்த கப்பலோட லாக்கை நீ கேட்டியா?"

'நீங்கோ' போய் 'நீ' ஆகிவிட்டிருந்தது.

"இல்லை."

"இத்தனை வருஷமாவா?"

"இல்லை டீச்சர்."

"எவனோ வெள்ளைக்காரன் கப்பல்ல காத்து எந்தத் திக்குலேர்ந்து அடிச்சதுன்னு வரிவரியா வாசிக்கறே. ஒன்னோட ஆளோட பக்கத்தை நீ கேக்கவே இல்லையா வசந்தா?"

"கேட்டா வந்துடுமே" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரின் வாயோரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, "கேளு" என்றார்.

வீடு திரும்பியதும் அந்தக் கரி அள்ளியவனின் பக்கத்தைத் திறந்து 'ஸ்லோட்' என்று மாற்றினேன். பக்கம் முடிந்தது என்று பச்சை அடையாளம் விழுந்தது.

காத்திருந்த மாதங்கள்

சாவு நடந்த கப்பல்களின் லாக் புத்தகங்களைச் சில நாடுகளில் எறியாமல் வைத்திருப்பார்கள் என்று எங்கள் வேலையை நடத்துகிறவர்கள் சொன்னார்கள். சிவராமனின் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடியதோ அந்த நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். கல்யாணப் பத்திரிகை, கோர்ட் உத்தரவு, எல்லாவற்றின் நகலும் கேட்டார்கள். அனுப்பினேன். பதில் இல்லை.

அந்த மாதங்களில்தான் ஆர்டெலியாவும் முடிந்தாள். அவளை ஒரு இத்தாலியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். புதுப் பெயர் பூசினார்கள். லாக் அத்தோடு நின்றது. கடைசிப் பக்கத்தில் பாத்திரம், விளக்கு, கொடி என்று ஒப்படைத்த சாமான்களின் பட்டியல்.

பிறகு நடந்தது வலைப்பக்கத்துக் குறிப்பில் நாலு வரியாக இருந்தது. சில வருஷம் இத்தாலிக்காரர்களைத் தென் அமெரிக்காவுக்கு ஏற்றிப் போனாள். அப்புறம் எஞ்சினைக் கழற்றினார்கள். ஒரு துறைமுகத்தின் ஓரத்தில் கட்டிப்போட்டு, மற்றக் கப்பல்களுக்குக் கொடுக்கும் கரியை அவள் வயிற்றில் கொட்டிவைத்தார்கள். போகிற வருகிற கப்பலெல்லாம் அவள் பக்கத்தில் வந்து கரி எடுத்துக்கொண்டு போகும். அவள் எங்கும் போவதில்லை. கடைசியில் உடைத்தார்கள்.

அதைப் படித்த அன்று ஜூ டவுன் பக்கம், பழைய யூதர் தெருவில், நடந்து போனேன். உல்லாசக் கப்பலில் வந்த வெளிநாட்டவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், சொல்வதற்கு ஆள் இல்லாத ஒரு சாவுச் செய்தியை வைத்துக்கொண்டு நின்றேன். டீச்சருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. இவரைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

சமையல்காரர் சொன்னது

பதில் வந்தது. ஈ-மெயிலில் ஒரே ஒரு படம். லாக் புத்தகத்தின் ஒரு பக்கம்.

எத்தனையோ பேர் கையெழுத்தை வாசித்துப் பழகிய கண். இருந்தும் முதல் தடவை எதுவும் பிடிபடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பிற்பகல் நாலு மணி வேலைக்கு மூன்றாம் எஞ்சினியர் வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். கப்பலைத் திருப்பி வந்த வழியே போனார்கள். அந்தப் பக்கமாகப் போன இன்னொரு கப்பலையும் கூப்பிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்வரை தேடினார்கள். மறுநாள் விடிந்ததிலிருந்து மதியம்வரை மறுபடி தேடினார்கள்.

கீழே சமையல்காரரின் வாக்குமூலம். "மூன்றரை மணி இருக்கும். பின்தளத்தில் கொடியில் தன் சட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். காற்று பலமாக இருந்தது. ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன்."

என் கடிதம் அவர் கைக்குப் போனதா என்று அந்தப் பக்கத்தில் இல்லை. எந்தப் பக்கத்திலும் இருக்கப் போவதில்லை.

டீச்சருக்கு போன் செய்து, தொடக்கத்திலிருந்து ஒரு சொல் விடாமல் வாசித்தேன்.

"டீச்சர்?"

"சட்டை காயப் போட்டுண்டிருந்தாரா?"

"ஆமா."

"சாப்பாடு என்னன்னு கேட்டாரா?"

"ஆமா டீச்சர்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ன சாப்பாடாம்?" என்றார்.

"எழுதல்லை. சொன்னேன்னுதான் இருக்கு."

"அதெப்படி எழுதாம விடுவான்!" டீச்சருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

சிவராமனைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் எப்படிப் போனார் என்றுதான் இத்தனை வருஷமும் கேட்டார்கள். என்ன சாப்பிட இருந்தார் என்று கேட்டது டீச்சர் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அவருக்கு மீன்னா உசிர் டீச்சர்" என்றேன்.

ஒரு எண்ணைக்கூட ஆதாரமில்லாமல் எழுதவிடாதவர், வெங்காயம்கூடச் சேர்க்காத அடுக்களைக்காரர், கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ மீனாவே இருக்கட்டும்" என்றார்.